நான்கு கிண்ணங்களும் ஒரு விடைபெறலும்: 2022 மலேசிய சூப்பர் லீக் பருவம்

ஜொகூரில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் மூன்று ஆண்டுகள் தவறாமல் வந்துவிடும். முதலாவது 1985. ஜொகூர் முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்ற ஆண்டு அது. அடுத்தது லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் ஒன்றாக வந்த 1991. மூன்றாவது, உள்நாட்டில் வெல்லக்கூடிய எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் ஜே.டி.டி. அள்ளிக்கொண்ட 2022.

அந்த 2022 பருவத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஜொகூரின் வெற்றிகள் பலருக்கும் நினைவில் இருக்கும். அதே பருவத்தோடு வேறொன்றும் முடிந்துபோனது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக வளர்ந்து நாட்டின் உச்ச லீக்கை எட்டிய அணி, அந்த ஆண்டோடு விளையாட்டை நிறுத்திக்கொண்டது. நாம் அதை அதிகம் பேசவில்லை. ஒரே புள்ளிப்பட்டியலில் இடம்பெற்ற இரண்டு கதைகள் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பருவம் எப்படி அமைந்திருந்தது

2022 சூப்பர் லீக்கில் 12 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளைச் சொந்தத் திடலில் ஒரு முறையும் வெளித்திடலில் ஒரு முறையும் சந்திக்கும். ஆக 22 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. ஜொகூர் டாருல் தாக்சிம், திரெங்கானு, சபா, நெகிரி செம்பிலான், சிலாங்கூர், கோலாலம்பூர் சிட்டி, ஸ்ரீ பகாங், கெடா, மலாக்கா யுனைடெட், பெட்டாலிங் ஜெயா சிட்டி, சரவாக் யுனைடெட், பினாங்கு ஆகியவையே அந்தப் பன்னிரண்டும். இதற்கு அடுத்த படியில் பிரீமியர் லீக் என்ற இரண்டாம் பிரிவு இருந்தது. அதில் 10 அணிகள். பெரிய அணிகளின் இரண்டாம் அணிகளும் அங்கேதான் ஆடின.

லீக்கைத் தவிர இன்னும் மூன்று கிண்ணங்கள் உண்டு. பருவத் தொடக்கத்தில் ஒரே ஆட்டமாக நடப்பது சும்பாங்சி கிண்ணம். நடுவில் எஃப்.ஏ. கிண்ணம். ஆண்டு முடிவில் மலேசியக் கிண்ணம். இந்தக் கடைசிக் கிண்ணம்தான் நம் தாத்தாக்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட பழைய மலாயாக் கிண்ணம். எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரில் 1921-இல் தொடங்கி, 1967-இல் மலேசியக் கிண்ணமானது. லீக்கில் புள்ளிகள் எப்படி இருந்தாலும் இந்தக் கிண்ணம் கையில் வந்தால்தான் பல மாநிலங்களில் ஆண்டு நல்ல ஆண்டு.

இளைய வாசகர்களுக்கு இன்னொரு விளக்கமும் தேவை. முன்பு அணிகளின் பெயருக்குப் பின்னால் எஃப்.ஏ. என்று இருக்கும்; மாநிலக் காற்பந்துச் சங்கமே அணியை நடத்தியது. பணம் மாநில அரசிடமிருந்தும் அதன் நிறுவனங்களிடமிருந்தும் வந்தது. பின்னர் சங்கம் வேறு, தொழில்முறை கிளப் வேறு என்று பிரிக்க வேண்டும், கிளப் ஒரு நிறுவனமாகப் பதிவு பெற்றுக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 2021-க்குள் பெரும்பாலான அணிகள் எஃப்.சி. ஆகிவிட்டன. ஆண்டுதோறும் கிளப் உரிமம் வாங்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தால் உரிமம் கிடைக்காது. எழுத்தில் நல்ல விதி. அது எத்தனை அணிகளைச் சாய்த்தது என்பது 2022 முடிவில் தெரிந்தது.

தெற்கத்திப் புலிகள் அந்த நிலைக்கு வந்த வழி

1991-க்குப் பிறகு ஜொகூர் நீண்ட காலம் சுமாரான அணியாகவே இருந்தது. மைக்கேல் உருகாலோவின் பயிற்சியில் அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் ஆகியோர் ஆடிய அந்த அணியைப் பார்த்தவர்கள் இருபது ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மாநிலத்தில் பிரிந்து கிடந்த அணிகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து, 2013-இல் ஜொகூர் டாருல் தாக்சிம் என்ற பெயரில் களமிறக்கினார்.

முதல் ஆண்டிலேயே ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த டானி குய்சா ஜொகூர் சட்டையை அணிந்தார். 2014-இல் அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் வந்தார்; காயத்தால் நெடுநாள் நிலைக்கவில்லை. பெரிய பெயர்கள் வந்துபோனாலும் 2014-இல் லீக் பட்டம் ஜொகூருக்கு வந்தது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் பட்டம். 2015 அக்டோபர் 31-இல் தஜிகிஸ்தானின் டுஷான்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் ஜே.டி.டி.தான்.

2014 அணிக்கு சிலாங்கூரிலிருந்து வந்து சேர்ந்தவர் எஸ். குணாளன். நெகிரி செம்பிலான் பிள்ளை. பள்ளி நாள்களில் ஓட்டப்பந்தய வீரர். அந்த வேகத்தைப் பக்கவாட்டில் ஓடுவதற்கே பயன்படுத்தினார். கே. ராஜகோபால் பயிற்றுவித்து 2010-இல் தென்கிழக்கு ஆசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இருந்தவர். லார்க்கின் அரங்கில் அவர் வலப்பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது எழும் சத்தத்தில் நம்மவர் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். வலத் தற்காப்பு, வல முன்களம் என்று எங்கே நிறுத்தினாலும் நின்றார். ஜொகூரின் தொடர் பட்டங்கள் பலவற்றில் அவர் பங்கு உண்டு.

2020-இல் அணி லார்க்கினை விட்டு இஸ்கண்டார் புத்திரியில் உள்ள சுல்தான் இப்ராகிம் அரங்கத்துக்கு மாறியது. 40,000 இருக்கைகள். வாழை இலையின் வடிவைக் கருவாகக் கொண்டு கட்டப்பட்டது. பந்தியில் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்த வடிவம் சட்டென்று பிடிபடும். ஒரே குறை தூரம். லார்க்கின் என்றால் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். சிகாமட்டிலிருந்தோ லாபிஸிலிருந்தோ புதிய அரங்கத்துக்கு வந்து, ஆட்டம் முடிந்து வீடு திரும்பினால் நள்ளிரவு தாண்டிவிடும். சொந்தக் கார் இல்லாத தோட்டக் குடும்பத்துக்கு அது தொலைக்காட்சி ஆட்டம்தான்.

2022: மாதம் மாதமாக

பருவத்துக்கு முந்தைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. 2021 நவம்பர் 30-இல் நடந்த மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கோலாலம்பூர் சிட்டி ஜொகூரை 2-0 என்று வீழ்த்தியது. அந்தக் கோலாலம்பூர் அணியின் பயிற்றுநர் போயான் ஹோடாக். 2014-இல் ஜொகூருக்கு முதல் லீக் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவரே எதிர் முகாமில் நின்று கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு போனார். 2022 தொடக்கத்தில் சும்பாங்சி கிண்ணத்தில் அதே கோலாலம்பூர் சிட்டியைச் சந்தித்து ஜொகூர் வென்றது. முதல் கிண்ணம்.

ஏப்ரல் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ‘ஐ’ பிரிவு ஆட்டங்கள் அனைத்தும் ஜொகூர் பாருவிலேயே நடந்தன. நோன்பு மாதம். எதிரே ஜப்பானின் நடப்பு வெற்றியாளர் கவாசாகி ஃபுரோந்தாலே, 2020-இல் ஆசிய வெற்றியாளரான தென் கொரியாவின் உல்சான், இரு முறை ஆசியப் பட்டம் வென்ற சீனாவின் குவாங்சோ. குவாங்சோ இளைஞர்களையே அனுப்பியிருந்ததால் அந்த இரண்டு வெற்றிகளைப் பெரிதுபடுத்த வேண்டாம். கவாசாகியிடம் ஓர் ஆட்டத்தில் சமநிலை. இன்னோர் ஆட்டத்தில் 0-5 என்று அடியும் வாங்கினார்கள். ஆனால் உல்சானை இரண்டு முறையும் 2-1 என்று வென்றார்கள். ஏப்ரல் 30-இல் நடந்த இரண்டாவது ஆட்டம் சமநிலையில் முடியப்போகிறது என்று எல்லாரும் நினைத்திருந்த கூடுதல் நேரத்தில், உல்சான் தற்காப்பின் காலில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. 13 புள்ளிகளோடு ஜொகூர் பிரிவில் முதலிடம். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்த முதல் மலேசிய கிளப் ஜே.டி.டி.

அதிர்ஷ்ட கோல் என்று சிலர் சொன்னார்கள். பந்தை அந்த நிமிடத்தில் எதிரியின் கோல் பகுதிக்குள் கொண்டுபோய் வைத்ததற்குப் பெயர் அதிர்ஷ்டமில்லை என்பது என் எண்ணம்.

ஜூன் மாதம் தேசிய அணிக்கு. 14-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வங்காளதேசத்தை 4-1 என்று வென்று, 2023 ஆசியக் கிண்ணத்துக்கு மலேசியா தகுதி பெற்றது. 2007-இல் உபசரணை நாடு என்பதால் இடம் கிடைத்தது. ஆடித் தகுதி பெற்றது 1980-க்குப் பிறகு இதுவே முதல் முறை. கிம் பான் கோனின் அந்த அணியின் முதுகெலும்பு ஜொகூர் ஆட்டக்காரர்கள். அணியில் இருந்த டேரன் லோக் அப்போது பெட்டாலிங் ஜெயா சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பருவத்தின் நடுவே ஜொகூரில் பயிற்றுநர் மாறினார். மெக்சிகோ நாட்டவரான பெஞ்சமின் மோரா விலக, எக்தர் பிடோக்லியோ பொறுப்பேற்றார். ஆகஸ்டு 19-இல் ஜப்பானின் சைத்தாமாவில் உராவா ரெட்ஸிடம் 0-5 என்று தோற்று ஆசியப் பயணம் முடிந்தது. அந்த உராவாதான் பிறகு கிண்ணத்தையும் வென்றது. என்றாலும் ஒரே ஆண்டில் இரண்டு ஜப்பானிய அணிகளிடம் ஐந்தைந்து கோல்கள் வாங்கியது உள்ளூர் லீக்கின் உயரம் எவ்வளவு என்பதைக் காட்டியது. இங்கே யாரும் ஜொகூரை அந்த வேகத்தில் ஓடவைப்பதில்லை.

உள்நாட்டில் அதற்குப் பிறகு எதுவும் தடுக்கவில்லை. செப்டம்பர் 10-இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் திரெங்கானுவை 3-1 என்று வென்றார்கள். லீக்கில் 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஒன்பதாவது தொடர் பட்டம். பிரேசில் நாட்டு முன்கள வீரர் பெர்க்சன் 29 கோல்கள் அடித்து லீக்கின் முதல் கோல்காரர் ஆனார். இருபது வயதில் அரிஃப் ஐமான் நாட்டின் சிறந்த ஆட்டக்காரராகப் பேசப்பட்டார். பொதுத்தேர்தல் முடிந்து ஒரு வாரம், புதிய பிரதமர் பதவியேற்று இரண்டு நாள், கத்தாரில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பர் 26-இல் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். சிலாங்கூரை 2-1 என்று வென்று நான்காவது கிண்ணத்தையும் தூக்கினார்கள்.

உலக அளவில் பார்த்தாலும் ஒன்பது தொடர் பட்டங்கள் எளிதில் காணக் கிடைக்காது. பிரான்ஸில் லியோன் 2002 முதல் 2008 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றதே அங்கே சாதனை. பின்னர் கத்தார் பணத்தோடு வந்த பாரிஸ் செயிண்ட் ஜெர்மேனும் இடையிடையே பட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஜெர்மனியின் பாயர்ன் மூனிக் மட்டும் 2022-இல் பத்தாவதை எட்டியது. அந்த வரிசையில் ஒரு மலேசிய அணி. பெருமைப்படலாம். அதே வேளையில், பாரிஸ் அணியைப் பற்றி பிரெஞ்சு ரசிகர்கள் கேட்கும் கேள்வி இங்கேயும் உண்டு: இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டி என்றால் மற்றவர்கள் எதற்காக ஆடுகிறார்கள்?

சிரம்பானில் தேவன்

இரண்டாவது இடம் திரெங்கானுவுக்கு, மூன்றாவது சபாவுக்கு. நான்காவது இடத்தைப் பிடித்த அணி நம் கவனத்துக்கு உரியது. நெகிரி செம்பிலான் 2021-இல் பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்த புதிய அணி. பயிற்றுநர் கே. தேவன். மேலே வரும் அணிகள் வழக்கமாக முதல் ஆண்டில் தப்பிப்பதையே இலக்காக வைப்பார்கள். அவர் அணி சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் பின்னால் தள்ளி நான்காவதாக முடித்தது. ஜொகூரின் செலவில் ஒரு சிறு பகுதியைக்கூடக் காணாத அணி அது. அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்றுநர் யார் என்று என்னைக் கேட்டால், நான்கு கிண்ணம் வென்றவரைச் சொல்ல மாட்டேன்.

மலேசியக் காற்பந்தில் தமிழர்களின் பெயர் கடைசியாக எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பயிற்றுநர் இருக்கையில்தான் இருக்கும். கே. ராஜகோபால், பி. சத்தியநாதன், தேவன் என்று வரிசை வரும். ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் கோல் கம்பத்தின் கீழ் நின்ற 1970-களில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற தேசிய அணியில், நம்மவர் களத்தில் இருந்தார்கள். இன்று ஆடுகிறவர்களைவிட ஆடச் சொல்லித்தருகிறவர்களே கூடுதலாகக் கண்ணில் படுகிறார்கள். இடையில் எங்கோ குழாய் அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பை எடுக்க நடந்த முயற்சிகளில் மிக உயரம் போனது பெட்டாலிங் ஜெயா சிட்டி.

மீஃபாவிலிருந்து பி.ஜே. சிட்டி வரை

பி.ஜே. சிட்டிக்குப் பழைய பெயர் எம்.ஐ.எஸ்.சி. – மீஃபா. முதல் பாதி மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றம். மறுபாதி மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம். மாநில அரசு இல்லை, சுல்தான் இல்லை, எண்ணெய் நிறுவனம் இல்லை. கீழ் லீக்கிலிருந்து ஏறி 2017-இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. அப்போதுதான் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறியது. கெலானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா அரங்கம் அதன் வீடு. முதலில் கே. தேவன் பயிற்றுவித்தார், அவருக்குப் பிறகு பி. மணியம்.

அது தமிழர்கள் மட்டும் ஆடிய அணி இல்லை. மலாய்க்காரர், சீனர், சபா சரவாக் பிள்ளைகள் என்று எல்லாரும் ஆடினார்கள். உச்ச லீக்கில் அப்படித்தான் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். ஆனால் ஓர் இந்தியப் பையன் சோதனை ஆட்டத்துக்குப் போனால் அவனைப் பார்த்து, ‘ஹாக்கி ஆடுகிறாயா?’ என்று கேட்காத கிளப் அது. பெயர்ப்பட்டியலில் தகப்பன் பெயரின் முதலெழுத்து போட்ட ஆட்டக்காரர்கள் மூன்று, நான்கு பேராவது இருப்பது அங்கே வியப்பில்லை.

2021 பருவத்தில் அந்த அணி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க முழுக்க உள்நாட்டுப் பிள்ளைகளோடு சூப்பர் லீக்கில் இறங்கியது. மற்ற அணிகளின் கோல்களில் பெரும்பகுதி பிரேசில், ஆப்பிரிக்கக் கால்களிலிருந்து வந்த காலம். பி.ஜே. சிட்டி மூழ்கவில்லை. லீக்கில் நிலைத்து நின்றது, 2022-க்கும் வந்தது. மேலே நினைவில் வைக்கச் சொன்ன டேரன் லோக்கைப் போன்றவர்களுக்கு, ஜொகூரில் வெளிநாட்டவர் பின்னால் மாற்று ஆட்டக்காரராக உட்காராமல் வாராவாரம் ஆட அங்கே இடம் இருந்தது. வாராவாரம் ஆடியவர் தேசிய அணிக்கும் போனார்.

2022 பருவம் முடிந்தது. 2023 பட்டியலில் பெட்டாலிங் ஜெயா சிட்டி இல்லை. தரம் இறக்கப்படவில்லை, கிளப்பே விலகிக்கொண்டது. மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. பன்னிரண்டில் மூன்று, அதாவது கால் பங்கு, ஒரே மூச்சில் போனது. ஜொகூர் நான்கு கிண்ணங்களோடு படம் எடுத்துக்கொண்ட அதே ஆண்டு இறுதியில்.

கணக்கு என்ன சொல்கிறது

2023-இல் 18 அணிகள் கொண்ட பெரிய லீக் என்பதுதான் திட்டம். அதற்காகவே பிரீமியர் லீக் கலைக்கப்பட்டது. கடைசியில் சேர்ந்தவை 14. ஆக, 2022-இல் இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து 22 அணிகள். அடுத்த ஆண்டு ஒரே பிரிவில் 14. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளுக்கு 23 வயதுக்குட்பட்டோருக்கான எம்.எஃப்.எல். கிண்ணம் உருவாக்கப்பட்டது. ஆனால் 24 வயதாகியும் முதல் அணிக்குள் இடம் கிடைக்காதவன் எங்கே போவான்? முன்பு பிரீமியர் லீக்கில் இரண்டு ஆண்டு ஆடிப் பார்ப்பான். இப்போது அரைத் தொழில்முறை லீக்குக்குப் போகிறான், அல்லது வேலைக்குப் போகிறான். ஜொகூர் பாருவில் இருந்தால் காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் பாலம் ஏறுகிறான்.

இந்தச் சுருக்கம் எல்லா இனத்துப் பிள்ளைகளையும் பாதிக்கிறது என்பது உண்மை. நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கதவு சாத்தப்படுகிறது. காரணம் திடல். தோட்டம் இருந்த காலத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கும் அருகில் திடல் இருந்தது. மாலை நான்கு மணிக்குப் பந்து உருளும். ரெங்கம், லாயாங் லாயாங், உலு திராம், சாஆ என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்குத் தோட்டம் அணி உண்டு; மே தினத்தன்றும் திருவிழாவை ஒட்டியும் கிண்ணப் போட்டிகள் நடக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குலாய்க்கும் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். திடல் கூட வரவில்லை. இப்போது ஃபுட்சால் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும்.

மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பதினொருவர் அணி சேர்ப்பதே பாடு. மாவட்டத் தேர்வாளர் கண்ணில் படாதவன் மாநில அகாடமிக்குள் போக முடியாது. ஜே.டி.டி.யின் இளையோர் அமைப்பு நாட்டிலேயே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே நுழையும் வாசல் மிகக் குறுகலானது என்பதிலும் ஐயமில்லை. அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு இருந்த இன்னொரு கதவுதான் மீஃபாவும் பி.ஜே. சிட்டியும்.

ஜொகூரைக் குறை சொல்லி எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் நாள் தவறாமல் போகிறது, திடல் தரமாக இருக்கிறது, ஆசியாவில் நாட்டின் பெயர் அடிபடுகிறது. மற்ற மாநிலங்களில் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் சம்பளத்துக்காகக் காத்திருந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு ஜே.டி.டி.யின் அருமை தெரியும். ஒரு கிளப் ஒழுங்காக நடப்பது குற்றமாகாது. மற்றவை ஒழுங்காக நடக்காததும், ஒழுங்காக நடக்கப் பார்த்த ஒரு சிறிய கிளப் நிலைக்க முடியாமல் போனதும்தான் இங்கே பேச்சு.

அதற்குப் பிறகு

2023-இல் ஜொகூர் மறுபடியும் அதே நான்கு கிண்ணங்களை வென்றது. லீக்கில் 26 ஆட்டங்கள். 25 வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி இல்லை. அடித்த கோல்கள் 100, வாங்கியவை 7. எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கோலாலம்பூர் சிட்டியை 2-0, மலேசியக் கிண்ண இறுதியில் திரெங்கானுவை 3-1. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் உல்சானைச் சொந்தத் திடலில் மீண்டும் 2-1 என்று வென்றார்கள். கவாசாகியிடம் ஜப்பானில் மீண்டும் 0-5. 2024 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் சிலாங்கூருக்கு 6-1. ஒரு காலத்தில் மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற சிலாங்கூர் அது.

அணிகள் குறைவதும் நிற்கவில்லை. 2024-25 பருவத்தில் 13 அணிகள். அது முடிந்ததும் ஸ்ரீ பகாங்கும் பேராவும் விலகிக்கொண்டன. 2014 மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரைப் பினால்டியில் வீழ்த்திய பகாங்கின் வழிவந்த அணிதான் ஸ்ரீ பகாங். 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதி வரை வந்து ஜொகூரிடம் 1-2 என்று தோற்றது. சில வாரங்களில் லீக்கிலேயே இல்லை.

கெலானா ஜெயா அரங்கம் இன்னும் இருக்கிறது. வேறு அணிகள் ஆடுகின்றன. சூப்பர் லீக்கின் வரலாற்றுப் பட்டியலில் பெட்டாலிங் ஜெயா சிட்டிக்கு 2019, 2020, 2021, 2022 என்று நான்கு பருவங்கள். அந்த நான்கிலும் பட்டத்தை வென்றது ஜொகூர்.